மகனை டிடெக்டிவ் பிரிவுக்கு எடுத்திருக்கிறார்கள், பயமாக இருக்கிறது

கேள்வி: சிப்புட் அம்மா

எல்லாருக்கும் வணக்கம். நான் சுங்கை சிப்புட்டில் இருக்கிறேன். முப்பது வருடம் தோட்ட வேலை. முதலில் ரப்பர் பால் மரம், அப்புறம் செம்பனையில் உதிரிப் பழம் பொறுக்கினேன். இப்போது தோட்டத்தை விட்டு வெளியே வந்து தாமான் குடியிருப்பில் ஒரு சின்ன வீடு. வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறார்.

மூத்த மகன் ஐந்தாம் படிவத்து எஸ்.பி.எம். தேர்வு முடித்துவிட்டுப் போலீசில் சேர்ந்தான். வயது இருபத்தாறு. கோலாலம்பூரில் மோட்டார் ரோந்தில் இருந்தான். சீருடையோடு வந்து நின்றால் பார்க்கவே பெருமையாக இருக்கும். ஆறு மாதத்துக்கு முன்னால் அவனைக் குற்றப் புலனாய்வுப் பிரிவில் டிடெக்டிவ் வேலைக்கு எடுத்தார்கள். இப்போது சோதனைக் காலம் மாதிரி. நிரந்தரமாக அங்கேயே இருக்க விருப்பமா என்று கேட்டிருக்கிறார்களாம். "அம்மா, நீங்க சரின்னு சொன்னா எழுதிக் கொடுத்துடுவேன்" என்கிறான்.

போன மாதம் கோயில் திருவிழாவுக்கு வந்தான். கழுத்து வரை முடி, தாடி, பழைய டி-சட்டை. பக்கத்து வீட்டுக்காரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "பையனுக்கு வேலை போயிடுச்சா?" என்று கேட்டார். இன்னொருவர் வேறு மாதிரியே பேசிவிட்டார், அதை இங்கே எழுத மனம் வரவில்லை. அவன் சிரித்துக்கொண்டே காவடிக்குத் தண்ணீர் ஊற்றினான். எனக்குத்தான் தொண்டை அடைத்தது.

2024 மே 17 விடியற்காலையில் ஜொகூர் உலு திராம் போலீஸ் நிலையத்துக்குள் ஒருவன் பாராங் கத்தியோடு புகுந்து இரண்டு கான்ஸ்டபிள்களைக் கொன்றான் அல்லவா, அந்த இரண்டு பிள்ளைகளும் என் மகனைவிடச் சின்னவர்கள். அன்றிலிருந்து இரவு போன் அடித்தால் எனக்குக் கை நடுங்கும். போலீஸ் நிலையத்துக்குள்ளேயே அப்படி என்றால், சீருடையும் இல்லாமல் தெருவில் திரிகிறவனுக்கு என்ன பாதுகாப்பு?

டிடெக்டிவ் வேலை உண்மையில் என்ன வேலை? ரோந்தைவிட ஆபத்தா? ஊரில் கேட்கிறவர்களுக்கு நான் என்ன பதில் சொல்வது? வீட்டுக்காரர் வேண்டாம் என்றே சொல்கிறார். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


பதில் 1: ஓய்வு பெற்ற சார்ஜன்

தங்கச்சி, நானும் உங்கள் பக்கத்து ஆள்தான். தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்து, தமிழ்ப்பள்ளியில் படித்து, 1978ல் கான்ஸ்டபிளாகச் சேர்ந்தேன். 2014ல் டிடெக்டிவ் சார்ஜனாக ஓய்வு. அதில் இருபத்திரண்டு வருடம் கோலாலம்பூரில் சாதாரண உடையில்தான் வேலை. உங்கள் மகன் இப்போது நிற்கிற இடத்தில் நானும் நின்றிருக்கிறேன். என் அம்மாவும் அழுதார்.

முதலில் வேலை என்ன என்று சொல்கிறேன். சினிமாவில் பார்ப்பதை மறந்துவிடுங்கள். புக்கிட் அமான் போலீஸ் தலைமையகத்தில் குற்றப் புலனாய்வுத் துறை என்று ஒன்று. அதன் பிரிவுகளுக்கு டி என்ற எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். கொலை, கொள்ளை போன்ற கடும் குற்றம் டி9. சூதாட்டம், விபசாரம், குண்டர் கும்பல் டி7. தடயவியல் டி10. போதைப்பொருளும் வணிக மோசடியும் தனித் துறைகள். கோலாலம்பூரில் டாங் வாங்கி, செந்தூல், பிரிக்பீல்ட்ஸ், செராஸ், வங்சா மாஜு என்று மாவட்டத் தலைமையகங்கள். ஒவ்வொன்றிலும் டிடெக்டிவ்கள் உண்டு. விசாரணை அதிகாரி பெரும்பாலும் இன்ஸ்பெக்டராக இருப்பார். வழக்குக் கோப்பு அவர் கையில். அவருக்குக் கண்ணும் காலும் டிடெக்டிவ்தான்.

காலையில் போனதும் இரவு பதிவான புகார்களைப் படிப்போம். கடையில் கொள்ளை என்றால் முதல் வேலை கேமரா. அக்கம்பக்கத்துக் கடைகளில் அன்றே போய்க் கேட்க வேண்டும். நாள் தள்ளினால் பழைய பதிவின் மேலேயே புதுப் பதிவு ஏறிவிடும். அப்புறம் பார்த்தவர்களைத் தேட வேண்டும். ஐந்து பேரைக் கேட்டால் நாலு பேர் "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்பார்கள். அந்த ஐந்தாவது ஆள் வாய் திறப்பதற்கு நீங்கள் கோப்பிக்கடையில் மூன்று நாள் உட்கார்ந்து தேநீர் குடிக்க வேண்டும். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 112வது பிரிவின் கீழ் வாக்குமூலம் எழுதுவது, கைப்பற்றிய பொருளை உறையில் போட்டு, தேதி போட்டு, கையெழுத்துப் போட்டு ஒப்படைப்பது, அடையாள அணிவகுப்புக்கு ஆள் சேர்ப்பது, நீதிமன்றத்தில் காலை முழுக்க உட்கார்ந்துவிட்டு வழக்கு ஒத்திவைக்கப்பட்டது என்று கேட்டுத் திரும்பி வருவது, இதெல்லாம்தான் வேலை. பத்து நாளில் ஏழு நாள் நான் பேனாவோடுதான் இருந்தேன். பிஸ்டல் இடுப்பில் கனத்ததே தவிர வெளியே எடுத்த நாள்கள் மிகக் குறைவு.

ஆபத்து இல்லை என்று உங்களிடம் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் அது நீங்கள் நினைக்கிற இடத்தில் இல்லை.

என் இடது கையில் முழங்கைக்குக் கீழே பதினான்கு தையல் இருக்கிறது. எந்தக் கொள்ளைக்காரனையும் துரத்திப் போய் வாங்கியது இல்லை. தொண்ணூறுகளில் ஒரு பிளாட்டில், மூன்றாம் மாடியில், ஒரு சாட்சியிடம் வாக்குமூலம் வாங்கப் போனேன். அவர் நல்ல மனிதர், எங்களுக்கு உதவுவதாகச் சொன்னவர். என் கூட்டாளி அன்று நீதிமன்றத்தில் இருந்தான். சாட்சிதானே, நான் தனியாகவே போய் வந்துவிடுகிறேன் என்று கிளம்பினேன். எங்கே போகிறேன் என்று டைரியில் எழுதவும் இல்லை. கதவைத் தட்டினேன். திறந்தது அந்தச் சாட்சியின் தம்பி. அவன் மேல் வேறு ஏதோ வழக்கு, அது எனக்குத் தெரியாது. தன்னைப் பிடிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்தான். கதவுக்குப் பின்னால் பாராங் இருந்தது. நான் கதவுக்கு நேராக நின்றிருந்தேன். கையைத் தூக்கியதால் கழுத்து தப்பியது.

படிக்கட்டில் வாக்கிடாக்கிக்குச் சிக்னல் கிடைக்கவில்லை. எதிர்வீட்டுச் சீன அம்மா ஒருவர் துண்டால் கையைக் கட்டி, 999க்கு அடித்து, ஆம்புலன்ஸ் வரும் வரைக்கும் என் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் இல்லை என்றால் நான் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். நிலையத்தில் யாருக்கும் நான் எங்கே இருக்கிறேன் என்று தெரியாதே.

அன்றைக்கு நான் தவறவிட்டதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள். அதனால் உங்கள் மகனிடம் பிஸ்டலைப் பற்றிக் கேட்காதீர்கள். இதைக் கேளுங்கள்: எப்போதும் இரண்டு பேராகப் போகிறாயா? போகுமுன் எங்கே போகிறோம் என்று எழுதிவிட்டுப் போகிறாயா? கதவுக்கு நேராக நிற்காமல் பக்கவாட்டில் நிற்கிறாயா? போகிற வீட்டில் வேறு யார் யார் இருக்கிறார்கள் என்று முதலில் பார்த்துவிட்டுப் போகிறாயா? பேசுகிறவன் முகத்தைவிட அவன் கையைக் கவனிக்கிறாயா? காரை வெளியே பார்த்தாற்போல் நிறுத்துகிறாயா? புது ஆள்களுக்கு இதெல்லாம் நச்சரிப்பாகத் தெரியும். பழைய ஆள் ஒருவன் பக்கத்தில் இருந்தால் தானாகப் படிந்துவிடும். நல்ல கூட்டாளி கிடைத்திருக்கிறானா என்பதுதான் நீங்கள் முக்கியமாகக் கேட்க வேண்டியது.

சாதாரண உடைக்கு என்று தனி ஆபத்து ஒன்று உண்டு. நம்மை யாருக்கும் தெரியாது. சந்தேக நபரை மடக்கிப் பிடிக்கும்போது, யாரோ ஆளைக் கடத்துகிறார்கள் என்று நினைத்துப் பொதுமக்கள் கூடிவிடுவார்கள். சீருடைப் போலீஸே நம்மைத் திருடன் என்று நினைக்கலாம். அதனால் பிடிக்கும்போது "போலீஸ்" என்று எழுதிய மேலங்கியைப் போட வேண்டும், சத்தமாகச் சொல்ல வேண்டும், அதிகார அட்டையைக் காட்ட வேண்டும். உங்கள் மகனுடையது மஞ்சள் அட்டை. இன்ஸ்பெக்டரும் அதற்கு மேலும் நீலம். போலீஸ் சேமப்படைக்கு வெள்ளை. சிவப்பு என்றால் பணி இடைநீக்கம் செய்து வைத்திருக்கும் ஆள், அவருக்கு அதிகாரம் கிடையாது. இதை இங்கே படிக்கிற எல்லாரும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். சாதாரண உடையில் யாராவது வந்து போலீஸ் என்றால் அட்டையைக் கேட்பது உங்கள் உரிமை. நல்ல டிடெக்டிவ் கோபப்பட மாட்டான்.

இன்னொன்று தூக்கம். என்னோடு வேலை செய்தவர்களில் இரண்டு பேரை இழந்தேன். ஒருவரையும் யாரும் சுடவில்லை, வெட்டவில்லை. இருவருமே இரவெல்லாம் கண்காணிப்பில் உட்கார்ந்துவிட்டு விடியற்காலை மோட்டாரில் வீட்டுக்குப் போகும்போது சாலையில் போய்விட்டார்கள். ஒருவருக்கு அப்போது மூன்றாவது பிள்ளை பிறந்து நாற்பது நாள். உங்கள் மகன் இரவு வேலை முடிந்து நேராக மோட்டாரை எடுத்துக்கொண்டு சுங்கை சிப்புட்டுக்குக் கிளம்பினால் திட்டுங்கள். தூங்கிவிட்டு வரட்டும், இல்லை ரயிலில் வரட்டும்.

ஊருக்கு என்ன பதில் என்று கேட்டீர்கள். "கே.எல்.லில் அரசாங்க வேலை" என்று மட்டும் சொல்லுங்கள். என் அம்மா, "அவன் ஆபீஸில் பேப்பர் வேலை பார்க்கிறான்" என்று சொல்லியே காலத்தை ஓட்டினார். பாதி உண்மைதான் அது. சீருடைப் படம் எதையும் முகநூலில் போடாதீர்கள், பழையதையும் எடுத்துவிடுங்கள். வாகன எண், அவன் தங்கியிருக்கிற இடம், எந்தப் பிரிவு, எதுவும் வேண்டாம். சொந்தக்காரர் யாராவது "உன் பையனிடம் சொல்லி இந்தக் கார் நம்பர் யாருடையது என்று பார்க்கச் சொல்லு" என்று கேட்டால் அந்த இடத்திலேயே முடியாது என்று சொல்லிவிடுங்கள். பிள்ளை தப்பித்தவறிச் செய்துவிட்டான் என்றால் வேலையும் போகும், 1972ஆம் ஆண்டு அரசாங்க இரகசியச் சட்டம் வரைக்கும் போய் நிற்கும். நம் ஆள்கள் இதைப் புரிந்துகொள்வதே இல்லை.


பதில் 2: குவார்ட்டர்ஸ் மருமகள்

அக்கா, என் கணவர் ஒன்பது வருடமாக டிடெக்டிவ். சார்ஜன் ஐயா சொன்னது எல்லாம் சரி. நான் வீட்டுப் பக்கம் மட்டும் சொல்கிறேன்.

ஆரம்பத்தில் நான் ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை போன் செய்வேன். ஒருநாள் அவர் சொன்னார், ஒரு ஆளுக்குப் பின்னால் கோப்பிக்கடையில் உட்கார்ந்திருக்கும்போது என் போன் மூன்று தடவை அடித்ததாம், அந்த ஆள் திரும்பிப் பார்த்தானாம். அன்றோடு நிறுத்தினேன். இப்போது எங்களுக்குள் ஒரே ஒரு சொல். "சாப்பிட்டேன்" என்று அனுப்பினால் நல்லபடியாக இருக்கிறார் என்று பொருள். உண்மையில் சாப்பிட்டாரா இல்லையா என்பது வேறு விஷயம். ராத்திரி இரண்டு மணிக்கு "சாப்பிட்டேன்" என்று வந்தால் நான் தூங்கிவிடுவேன். நீங்களும் மகனோடு ஒரு சொல் வைத்துக்கொள்ளுங்கள் அக்கா, உங்கள் இருவருக்கும் மட்டும் தெரிந்தது.

போலீஸ் குடும்பச் சங்கம் ஒன்று இருக்கிறது, பெர்கேப் என்பார்கள். பெரும்பாலும் மனைவிமார்தான் என்றாலும் ஒரு கஷ்டம் என்றால் முதலில் கதவைத் தட்டுகிறவர்கள் அவர்கள்தான். உங்கள் மகனுக்குக் கல்யாணம் ஆகவில்லை என்றால் காப்புறுதியில், வங்கியில் எல்லாம் வாரிசு என்று யார் பெயரை எழுதியிருக்கிறார் என்று ஒரு தடவை உட்கார்ந்து பாருங்கள். கேட்கவே வாய் வராது. எனக்கும் வரவில்லை, கடைசியில் சாதம் போடும்போது கேட்டேன். அவரும் ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்ப் படிவங்களை எடுத்து வந்து காட்டினார்.

அப்புறம், சின்னப் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட வழக்கு வந்தால் வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பேச மாட்டார். என்ன ஆச்சு என்று கேட்காதீர்கள். டிவியைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருங்கள், போதும்.


பதில் 3: பாகான் டத்தோ தம்பி

அம்மா, மனசைப் புண்படுத்த எழுதவில்லை. ஆனால் இதையும் யாராவது சொல்ல வேண்டும். என் அண்ணனை ஒரு தடவை சந்தேகத்தில் பிடித்துக்கொண்டு போனார்கள். நாலு நாள் லோக்காப்பில் வைத்திருந்து, ஒன்றும் இல்லை என்று விட்டார்கள். அந்த நாலு நாளில் என்ன நடந்தது என்று அவன் இன்றைக்கு வரைக்கும் எங்கள் அம்மாவிடம் சொல்லவில்லை. சாதாரண உடையில் ஆள் வந்தால் எங்கள் வீட்டில் இன்னும் பயம்தான்.

நம் பிள்ளைகளும் அந்தப் பிரிவில் இருக்க வேண்டும் என்றுதான் நானும் நினைக்கிறேன். தமிழில் கேட்டுப் புரிந்துகொள்கிற ஒருவன் அன்றைக்கு அங்கே இருந்திருந்தால் அண்ணன் முதல் நாளே வெளியே வந்திருப்பான். உங்கள் மகனிடம் ஒன்றே ஒன்று சொல்லுங்கள். பிடித்த ஆளின் வீட்டுக்குப் போன் செய்ய விடச் சொல்லுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டம் 28ஏ பிரிவில் குடும்பத்துக்கும் வழக்கறிஞருக்கும் தெரிவிக்கிற உரிமை இருக்கிறது. 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட்டிடம் கொண்டுபோக வேண்டும் என்பது அரசியலமைப்பின் 5வது விதி. எங்கள் அம்மா அன்று இரவு முழுக்க மூன்று இடம் ஏறி இறங்கினார், ஒருவரும் அவன் எங்கே என்று சொல்லவில்லை.


பதில் 4: ஓய்வு பெற்ற சார்ஜன்

தம்பி, நீங்கள் எழுதியது என்னைப் புண்படுத்தவில்லை. அம்மா அந்த இரவு அலைந்ததை நினைத்தால்தான் வலிக்கிறது. அப்படி நடக்கக் கூடாது. நடந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன். என் காலத்தில் அடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். தடுத்ததும் உண்டு, தடுக்காமல் வெளியே போய் நின்றதும் உண்டு. அப்படி நின்ற நாள்கள் எனக்கு இன்னும் நினைவில் இருக்கின்றன.

போலீஸைச் சீர்திருத்த 2005ல் அரச விசாரணை ஆணையம் 125 பரிந்துரைகள் கொடுத்தது. 2023 ஜூலையிலிருந்து போலீஸ் மீதான புகார்களை விசாரிக்கத் தனிச் சுயேச்சை ஆணையம் வந்திருக்கிறது. இன்னும் பலமாக வேண்டும் என்றுதான் நான் சொல்வேன். ஆனால் சட்டத்தில் நடந்த ஒரு மாற்றம் பலருக்குத் தெரியாது. 113வது பிரிவைத் திருத்திய பிறகு, விசாரணையில் பிடிபட்டவர் போலீசிடம் "நான்தான் செய்தேன்" என்று சொன்னதை வைத்து அரசுத் தரப்பு பொதுவாக வழக்கை நிரூபிக்க முடியாது. ஆகவே அடித்து வாங்கிய வாய்ச்சொல்லுக்கு நீதிமன்றத்தில் வேலை இல்லை. கேமரா, கைரேகை, போன் பதிவு, சாட்சி, இவைதான் வழக்கை நிறுத்தும். இளம் டிடெக்டிவ் இதை முதல் வருடமே படித்துக்கொண்டால் அவனுக்கும் நல்லது, பிடிபட்டவனுக்கும் நல்லது.

இது பாதுகாப்பும்கூட தங்கச்சி, அதற்காகத்தான் திரும்ப எழுதுகிறேன். என்னை வெட்டியவன் பின்னால் நீதிமன்றத்தில் வைத்து என்னிடம் பேசினான். அதற்கு முந்தின வருடம் வேறு யாரோ அவனைப் பிடித்து நன்றாக அடித்திருக்கிறார்கள். கதவைத் தட்டியது நான், ஆனால் அவன் கண்ணுக்குத் தெரிந்தது அந்த ஆள். இன்று ஒருவன் கோபத்தில் ஓங்குகிற கை, நாளைக்கு வேறொரு போலீஸ்காரன் வாங்குகிற வெட்டு.

என் அப்பா ஒரு கதை சொல்வார். 1948 ஜூன் 16 அன்று நம் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைகளைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டுக் கொன்றார்கள், அவசரகாலம் வந்தது. 1960 வரை நீடித்தது. அப்பாவுக்கு அப்போது பதினாறு வயது, பால் வெட்டப் போவார். காட்டில் இருப்பவர்களுக்கு அரிசி போகக் கூடாது என்று தோட்டத்துக் கேட்டில் காவலர்கள் சோதிப்பார்கள். ஒருவர் சோற்றுத் தூக்கைப் பிடுங்கிக் கவிழ்ப்பார். இன்னொருவர், மலாய்க்காரர், ஸ்பெஷல் கான்ஸ்டபிள். "திறந்து காட்டு தம்பி" என்று கேட்டு, பார்த்துவிட்டு, தானே மூடிக் கொடுப்பாராம். ஒருநாள் காட்டுப்பாதையில் புது ஆள் நடமாட்டம் தெரிந்தபோது லயத்து மக்கள் ஓடிப்போய்ச் சொன்னது அந்த இரண்டாவது ஆளிடம்தான். முதல் ஆளிடம் ஒருவரும் போகவில்லை.

உங்கள் மகன் தாடியோடு வந்து, ஊர் என்ன சொல்கிறது என்று கவலைப்படாமல் காவடிக்குத் தண்ணீர் ஊற்றினான் என்று எழுதினீர்களே. அவமானத்தைச் சிரித்துக்கொண்டு தாங்கத் தெரிந்த பிள்ளை. இந்த வேலைக்கு அப்படிப்பட்டவன்தான் வேண்டும். முடிவு உங்களுடையது, ஆனால் நான் உங்கள் இடத்தில் இருந்தால் சரி என்று சொல்வேன்.


பதில் 5: சிப்புட் அம்மா

அண்ணே, தங்கச்சி, தம்பி, எல்லாருக்கும் ரொம்ப நன்றி. இரண்டு தடவை படித்தேன். வீட்டுக்காரரிடம் முழுவதையும் வாசித்துக் காட்டினேன். கையில் வெட்டு வாங்கிய இடம் வந்ததும் எழுந்து வெளியே போய்விட்டார். அரை மணி நேரம் கழித்து வந்து, "அந்தக் கேள்வியெல்லாம் ஒரு தாளில் எழுதி வை" என்றார்.

நேற்று ராத்திரி மகனுக்குப் போன் போட்டேன். கூட்டாளி யார் என்று கேட்டேன். ஈப்போ பக்கத்து மலாய்க்கார கோப்ரல் ஒருவராம், நாற்பத்தைந்து வயது, "எங்கே போறோம்னு எழுதலேன்னா காரையே எடுக்க மாட்டார்மா" என்றான். அதைக் கேட்டதும்தான் எனக்கு மூச்சு வந்தது. தம்பி சொன்ன போன் விஷயத்தையும் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான். "சரிம்மா, நான் பார்த்துக்கிறேன்" என்றான்.

எழுதிக் கொடுக்கச் சொல்லிவிட்டேன். எங்களுக்கும் ஒரு சொல் வைத்துக்கொண்டோம். என்ன சொல் என்று இங்கே எழுத மாட்டேன். விடியற்காலை நாலரைக்கு வந்தது.